தோளோடு தோள் நின்று போரிட்ட பிரிட்டனிடம் அமெரிக்கா வட்டி வாங்கியது ஏன்?

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவிடம் பிரிட்டன் வட்டிக்கு ஒரு கடன் வாங்கியது. 2006 டிசம்பர் கடைசியில் அந்தக் கடனின் இறுதித் தவணையாக சுமார் 8.3 கோடி டாலர் கட்டிய செய்தி வந்தபோது, "1945 கடனா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது?" என்று ஆபீசில் சிரித்தோம்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இதில் வட்டி பெரிய விஷயமே இல்லை. பிரிட்டனின் கழுத்தை இறுக்கியது வேறொரு நிபந்தனை.

போர் முடியும்வரை லெண்ட்-லீஸ் திட்டத்தில் (கூட்டணி நாடுகளுக்கு உடனே பணம் கேட்காமல் போர்க்காலத்தில் கொடுத்த உதவி) அமெரிக்கச் சரக்கு வந்துகொண்டே இருந்தது. ஜப்பான் பணிந்த சில நாட்களில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அதை நிறுத்திவிட்டார். பிரிட்டனோ தன் தொழிற்சாலைகளை எல்லாம் ஆயுதம் செய்யத் திருப்பியிருந்தது, ஏற்றுமதி படுத்துவிட்டது. கோதுமை, இயந்திரம், புகையிலை எதற்கும் டாலர் வேண்டும். அதைச் சம்பாதிக்க வழியில்லை.

பிரிட்டன் சார்பில் பேச பொருளாதார மேதை கெய்ன்ஸ் வாஷிங்டன் போனார். 500 கோடி டாலர் இனாமாகவே கிடைக்கும் என்று நம்பித்தான் போனார். 1945 டிசம்பர் 6 அன்று கையெழுத்தானது 375 கோடி டாலர் கடன்: 2 சதவீத வட்டி, 50 வருடத் தவணை, அதுவும் 1951 முடிவில்தான் ஆரம்பம். கூடவே லெண்ட்-லீஸ் பாக்கியில் பெரும்பகுதியை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. இதைவிட சல்லிசான கடன் எங்கே கிடைக்கும்? இதற்கே அமெரிக்க செனட்டில் 46-க்கு 34 என்றுதான் ஓட்டு விழுந்தது. சோவியத் பயம் மட்டும் இல்லையென்றால் அதுவும் சந்தேகம்தான்.

சரி, அந்த நிபந்தனை என்ன? கடன் நடைமுறைக்கு வந்து ஒரு வருடத்துக்குள், அன்றாட வியாபாரத்தில் வெளிநாட்டார் ஈட்டும் பவுண்டை அவர்கள் கேட்டால் டாலராக மாற்றிக் கொடுக்க வேண்டும். பிரிட்டனுக்குச் சரக்கு விற்றவன் கையில் பவுண்டை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் சாமானை மட்டுமே வாங்கினால், அமெரிக்க ஏற்றுமதிக்காரருக்கு என்ன லாபம்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்த சலுகைச் சுங்க வரியையும் அமெரிக்கர்கள் உடைக்கப் பார்த்தார்கள். கூட்டாளிதான், ஆனால் சந்தையில் போட்டியாளன்.

1947 ஜூலை 15 அன்று பவுண்டை டாலராக மாற்றும் கதவு திறந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டியது டாலர். பவுண்டு வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 20-ல் கதவை மூடிவிட்டார்கள். ஐந்தே வாரம்! பல வருடத்துக்கு என்று வாங்கிய கடனில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருந்தது. (இதைப் பார்க்க கெய்ன்ஸ் இல்லை, 1946 ஏப்ரலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.) அப்புறம், போரில் நொடிந்த ஐரோப்பாவைத் தூக்கிவிட வந்த மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா பெரும்பாலும் இனாமாகவே கொடுத்தது. பழைய கடனிலும் ஆறு தவணைகளைத் தள்ளிப்போட பிரிட்டனுக்கு இடம் கிடைத்தது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவிடம் இனாம் கேட்ட அதே பிரிட்டன்தான் இந்தியாவுக்கு 110 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. போர்க்காலத்தில் இங்கே வாங்கிய சரக்குக்கும் சேவைக்குமான கணக்கு லண்டனில் முடங்கிக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்க 1948-ல் லண்டன் போனவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர், முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார். அந்த ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் படை இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் விலை என்று 10 கோடி பவுண்டைக் கழித்துக்கொண்டார்கள். மீதியும் தவணையில்தான் வந்தது.