மனை வாங்குவதிலிருந்து விலகினால் முன்பணம் முழுவதும் திரும்புமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கும் நிரந்தரவாசி, இந்தியக் குடியுரிமை வைத்திருக்கிறேன். சிராங்கூன் சாலை அருகே நடந்த சொத்துக் கண்காட்சியில், திருச்சிக்கு வெளியே அமையவிருந்த மனைப்பிரிவில் 18 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை பேசி, 4 லட்சம் முன்பணம் அனுப்பினேன். ஓராண்டில் சாலை போட்டு மனையை ஒப்படைப்பதாக விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டாண்டாகியும் எல்லைக்கல்கூட நடவில்லை. பணத்தைக் கேட்டால், 25 விழுக்காடு பிடித்தம் போக மீதியைத் தருவதாகச் சொல்லி ஒரு ரத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். இத்தகைய படிவங்களில் "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் வழக்கின் பலமே அந்த வரியில் கைவிட்டுப் போகும். ஏனெனில், விலகியது யார் விருப்பத்தால், தவறியது யார் என்பதை வைத்தே பிடித்தம் செல்லுமா செல்லாதா என்பது முடிவாகும். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில் வாங்குபவர் மனம் மாறினால், விற்பவர் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் நிலை அதுவன்று.

மனைப்பிரிவுகளுக்கும் பொருந்தும், ரெரா எனப்படும் இந்திய வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2016) 18ஆம் பிரிவின்படி, உடன்பட்ட தேதியில் மனையை ஒப்படைக்கத் தவறினால், விலக விரும்புபவருக்கு முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். இது நிபந்தனையற்ற உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிப்படுத்தியது. விளம்பரத்தில் கூறியது பொய்யாகி, அதை நம்பியவர் விலக நேர்ந்தால், 12ஆம் பிரிவும் அதே உரிமையைத் தருகிறது. எனவே அந்த விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. உங்கள் மனைக்கு அந்த வரம்பு 1.8 லட்சம், அவர்கள் வாங்கியிருப்பதோ 4 லட்சம். ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவில்லை என்றால், இதுவே தனியான விதிமீறல். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், பொதுவாக அச்சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு என்பதால், தமிழ்நாடு ரெரா இணையத்தளத்தில் அந்த மனைப்பிரிவின் பதிவு எண்ணையும், முடிக்க ஒப்புக்கொண்ட தேதியையும் இன்றே தேடிப் பாருங்கள்.

அடுத்து, ஒப்படைப்புத் தேதி தவறியதையே காரணமாகக் குறிப்பிட்டு, முழுத் தொகையையும் வட்டியுடன் கேட்டு, வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புங்கள். பலன் இல்லையெனில் சென்னையிலுள்ள ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். உங்களுக்காக ஊரில் ஒருவர் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் அனுப்பலாம்; அது இந்தியா சென்று சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இந்தப் பணத்தை மீட்கும் வழி குறைவு. நிலம் வாங்கிய தகராறு சிறு கோரல் நடுவர் மன்றத்தின் வரம்புக்குள் வராது. கண்காட்சியில் உங்களிடம் பேசியவர் இங்கே பதிவு பெற்ற சொத்து முகவராக இருந்தால், அவருடைய நடத்தை பற்றிச் சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் அது திருச்சி நிறுவனத்திடமிருந்து பணத்தை வாங்கித் தராது.

முன்பணம் அனுப்பிய வங்கிச் சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். பணம் வெளிநாட்டிலிருந்தோ உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்தோ (வெளிநாடுவாழ் இந்தியர் தம் வெளிநாட்டு வருமானத்தை இந்தியாவில் வைக்கும் வங்கிக் கணக்கு) சென்றதற்கு ஆதாரம் இருந்தால், திரும்பும் தொகையையும், வரி போக வட்டியையும், என்ஆர்இ கணக்கிலேயே வரவு வைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியும்.