பாஸிவ் ப்ரீஆம்பில் உயர் அதிர்வெண் ஒலி மங்குவது குறித்து

வணக்கம். 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரையும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்புக்குச் செல்லும் 6 மீட்டர் கேபிளையும் கொண்டு தாங்கள் அமைத்த பாஸிவ் ப்ரீஆம்பில் (சிக்னலைப் பெருக்காமல் ஒலியளவை மட்டும் கட்டுப்படுத்தும் பெட்டியில்), ஒலியளவைக் கூட்டும்போது சலங்கை ஒலி மங்குவதாக எழுதியிருந்தீர்கள். பழுது சாலிடரில் இல்லை. மின்தடை மதிப்பே பொருந்தவில்லை.

சிக்னல் பாதியாகக் குறையும் நிலையில் பொட்டென்ஷியோமீட்டரின் வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது தரும் தடை) அதன் மதிப்பில் கால் பங்கை, அதாவது 25 கிலோ ஓமை, எட்டுகிறது. கேபிளின் மின்தேக்குதிறன் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று கொண்டால், 6 மீட்டருக்கு 600 பிகோஃபாரட் ஆகும். இவை இரண்டும் சேர்ந்து உயர் அதிர்வெண்களைக் குறைக்கும் ஒரு லோ பாஸ் ஃபில்டராகிவிடுவதால், தங்கள் ஆம்பின் 47 கிலோ ஓம் உள்ளீட்டைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபல் இழப்பு ஏற்படுகிறது. 10 கிலோ ஓம் லாக் வகை (ஒலியளவுக்கு ஏற்ற மடக்கை வகை) பொட்டென்ஷியோமீட்டரைப் பொருத்தினால் அந்த எல்லை 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். தங்களுடைய சிடி பிளேயரின் வெளியீட்டு மின்மறுப்பு சில நூறு ஓம்களே என்றால் 10 கிலோ ஓம் அதற்குச் சுமையாகாது. வால்வு (வெற்றிடக் குழாய்) கருவியை சிடி பிளேயருக்குப் பதிலாக இணைப்பதாக இருந்தால் மட்டும், அதன் வெளியீட்டிலுள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் (நேர்மின்னோட்டத்தைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் மின்தேக்கி) சிறியதாக இருக்கையில் பேஸ் (தாழ் அதிர்வெண் ஒலி) குறையக்கூடும்.

கேபிளையும் தயவுசெய்து 1 மீட்டராகக் குறையுங்கள். ப்ரீஆம்பை ஆம்பின் அருகில் வைத்து, நீளத்தை ஸ்பீக்கர் வயரில் கொடுப்பதே நல்லது.