பெட்டிக்குள் என்ன இல்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாமே கட்டிக்கொள்ளும் பெரிய அளவு ரேடியோ கன்ட்ரோல் விமானக் கிட் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் எழுதியவை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இதுவரை மாடல் விமானம் ஓட்டியதில்லை. ஆனால் மரவேலை நன்றாக வரும். கால் அளவு (1/4) பைப்பர் கப் ஜே-3 கிட் வாங்கலாமா? பெரிய விமானம் நிதானமாகப் பறக்கும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். நிதானமாகப் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அசல் கப்பின் இறக்கை நுனிக்கு நுனி 10.7 மீட்டர், கால் அளவில் கிட்டத்தட்ட 2.7 மீட்டர். கட்டி முடித்தால் ஏழு கிலோவைத் தொடும், முன்னால் பெட்ரோல் இன்ஜின் சுழலும். ஓட்டத் தெரியாத கையில் அது கட்டுப்பாடு இழந்தால் நஷ்டம் பணத்தோடு நிற்காது, பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். முதலில் சின்னப் பயிற்சி விமானம். மரவேலை வரும் என்கிறீர்கள், சரி, அந்தப் பயிற்சி விமானத்தையே கிட்டாக வாங்கிக் கட்டுங்கள். அதில் கற்றது எதுவும் வீண்போகாது.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு அளவில் கப் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்க இறக்கையே கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வருகிறது, காருக்குள் போகவில்லை. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

பதில்: அளவு பெட்டியின் மேலேயே இருந்தது. காரை அளப்பது உங்கள் வேலை.

கேள்வி: "முழுமையான கிட்" என்ற விளம்பரத்தை நம்பிக் கால் அளவு டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானம் வாங்கினேன். பெட்டியில் மரம், வரைபடம், கொஞ்சம் கம்பி. இன்ஜின் இல்லை, சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) இல்லை, சக்கரம்கூட இல்லை. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்றுதான் சொல்வேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். இந்த வட்டாரத்தில் கிட் என்றாலே வெட்டிய மரமும் வரைபடமும்தான், அது எல்லோருக்கும் தெரியும் என்பார். எல்லோருக்கும் தெரியாது. புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் போய் "முழுமையான" என்ற சொல்லை நீட்டுவது எனக்குப் பல வருடங்களாகவே ஆறாத கோபம்.

என்ன இல்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். இன்ஜின், அதன் சைலன்சர், புரொப்பெல்லர், பெட்ரோல் டேங்க். இன்ஜினில் பொறி மூட்டும் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, அதை அணைக்க ஒரு சுவிட்ச். ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவர், அதற்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். இவ்வளவு பெரிய விமானத்தை ஒற்றை பேட்டரியை நம்பி மேலே அனுப்பக் கூடாது. டைகர் மாத்தில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகை) கீழ் இறக்கையில் மட்டும்தான், ஆகவே அதற்கு இரண்டு சர்வோ. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு இரண்டு, இடம் வலம் திருப்பும் ரட்டருக்கு ஒன்று, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்கு ஒன்று. ஆறு ஆயிற்று. நீட்டிப்பு வயர்கள். சக்கரம். கவரிங்: இரட்டை இறக்கை விமானம் என்பதால் மேலும் கீழுமாக நான்கு பரப்புகளுக்குத் துணி போட வேண்டும், ஒற்றை இறக்கைக்கு வாங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. பசை மூன்று வகை. பெயின்ட்.

எனக்கும் இது நடந்தது. முதல் பெரிய கிட்டை ஆசையாக வாங்கி வந்து, அன்று இரவே மற்றவற்றுக்குக் கணக்குப் போட்டேன். கிட்டின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்தது. பெட்டி இரண்டு வருடம் பரண் மேல் கிடந்தது. பிறகு அவசரப்பட்டு, மெத்தனால் இன்ஜினுக்கான சிலிக்கான் டியூபையே பெட்ரோல் டேங்குக்குப் போட்டேன். பெட்ரோலில் சிலிக்கான் ஊறி உப்பிக் கெட்டுப்போகும் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது பறப்பில் டேங்குக்குள் டியூப் கழன்று இன்ஜின் நின்றது. தரையிறங்கும் சக்கரத்தோடு அடிப்பகுதியும் போயிற்று.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "பெட்டிக்குள் இல்லாதது என்னென்ன?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேர்மையான தயாரிப்பாளர் அதைப் பெட்டியின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார். எழுதித் தர மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். உங்கள் விஷயத்தில், விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். மரத்தில் கத்தி படுவதற்கு முன், "விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை" என்று எழுதித் திருப்பிக் கேளுங்கள். வெட்டிவிட்டால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

கேள்வி: ஃபயர்வால் ஒட்ட 5 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசை போதுமா? அதுதான் கையில் இருக்கிறது.

பதில்: போதாது. 30 நிமிட எபாக்ஸி வாங்குங்கள், ஒட்டிய பிறகு மர ஆணியும் அடியுங்கள். இன்ஜின் உட்காரும் இடம் அது.

கேள்வி: ஏழு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். நான்கு ரிப் (இறக்கையின் குறுக்கு விலா) குறைகிறது, ஒரு ஸ்பார் (இறக்கையின் நீளவாக்குச் சட்டம்) வில்லாக வளைந்திருக்கிறது. மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: ஏழு மாதம் கழித்து யார் தருவார்? பெட்டி வந்த அன்றே திறந்து, வரைபடத்தை விரித்து, ரிப்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஸ்பாரைத் தட்டையான மேசையில் உருட்டிப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ரிப்களை வரைபடத்திலிருந்து நீங்களே வெட்டிக்கொள்ளலாம். வளைந்த ஸ்பாரைப் பயன்படுத்தாதீர்கள், இறக்கை முறுக்கிக்கொள்ளும். புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: "20 கிலோ, முழு உலோகப் பல்சக்கரம்" என்று சொன்ன சர்வோ ஆறு வாங்கினேன். கையால் ஆட்டினாலே தொளதொளவென்று இருக்கிறது. போலியோ?

பதில்: சந்தேகப்பட்டது நல்லது. வருத்தமாக இருக்கிறது, இப்படி ஏமாறுபவர்கள் நிறைய. மூன்று சோதனை செய்யுங்கள். முதலில் எடை போட்டு, தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிடுங்கள். அடுத்து, ஒன்றைத் திறந்து பாருங்கள். நான் ஒருமுறை வாங்கியதில் வெளியே தெரியும் கடைசிப் பல்சக்கரம் மட்டும் உலோகம், உள்ளே எல்லாம் பிளாஸ்டிக். மூன்றாவது, சர்வோவின் ஆர்மில் (சுழலும் கையில்) 2 செ.மீ. தூரத்தில் உள்ள துளையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்க விடுங்கள். 20 கிலோ என்பது 1 செ.மீ. தூரத்துக்கான கணக்கு, 2 செ.மீ. தூரத்தில் 10 கிலோ காட்ட வேண்டும். ஓரிரு நொடி மட்டும், இல்லாவிட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

அதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் 7.4 அல்லது 8.4 வோல்ட்டில் கிடைப்பது. நீங்கள் 6 வோல்ட் கொடுத்தால் குறையத்தான் செய்யும். அந்த வோல்ட்டுக்குச் சொன்ன அளவும் வரவில்லை என்றால், சோதனையை வீடியோ எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எதுவானாலும் இவற்றைப் போட்டுப் பறக்காதீர்கள். விமானத்தின் அளவு இரட்டித்தால், அதே வேகத்தில் எலிவேட்டரைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் முறுக்குவிசை எட்டு மடங்காகிறது. அங்கே தொளதொளப்பு இருந்தால் எலிவேட்டர் வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். சில நொடிகளில் கீல் பிய்ந்துவிடும்.

கேள்வி: கிட்டில் வந்த பால்சா (எடை குறைந்த மரம்) பலகைகள் கனமாக இருக்கின்றன. "பால்சா என்றால் இப்படித்தான்" என்கிறார் விற்றவர்.

பதில்: இல்லை. 10 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள பலகையை எடை போடுங்கள். 35 முதல் 45 கிராம் என்றால் நல்ல மரம். 60 கிராம் தாண்டினால் அதை வால் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் மூன்று நான்கு கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும், சின்ன மூக்குள்ள விமானம் என்றால் இன்னும் அதிகம். 2020 வாக்கில் காற்றாலை இறகுகளுக்காகப் பால்சா மொத்தமாக அள்ளப்பட்டு, நல்ல மரத்துக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. மரம் கிடைக்கவில்லை என்று தயாரிப்பாளர் சொன்னால் புரிந்துகொள்ளலாம். கனமான மரத்தை நல்ல மரம் என்று விற்பதை ஏற்க முடியாது. வால் பகுதிக்கு மட்டுமாவது மாற்றுப் பலகை கேளுங்கள்.

கேள்வி: பாதி கட்டிய விமானம், கவரிங் போட்டு முடித்தது, படத்தில் அழகாக இருந்தது. முழுப் பணமும் அனுப்பிவிட்டேன். இப்போது இறக்கை முறுக்கலாகத் தெரிகிறது.

பதில்: நேரில் பார்க்காமல் முழுப் பணமா? கவரிங்குக்குள் எந்தப் பசை, எத்தனை விரிசல் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கவரிங்கை உரித்து ஒவ்வொரு ஒட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். அதுவரை பறக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 68. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கட்டலாம் என்று, "திறக்காதது" என்று சொல்லி விற்ற பழைய கிட் ஒன்றைத் தனி நபரிடம் வாங்கினேன். உள்ளே வரைபடம் இல்லை, டேப் புதிதாக ஒட்டப்பட்டிருக்கிறது. தயாரித்த கம்பெனியும் மூடிவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பதில்: ஐயா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. திறந்த பெட்டிக்குப் புது டேப் ஒட்டி விற்றவர் தெரிந்தேதான் செய்திருக்கிறார். "திறக்காதது" என்று அவர் அனுப்பிய செய்தியை அழிக்காமல் வையுங்கள், டேப்பைப் படம் எடுங்கள். இரண்டையும் வைத்து, பணம் அனுப்பிய வழியில் முதலில் புகார் கொடுங்கள். அதற்குக் கால வரம்பு இருக்கும், இன்றே செய்யுங்கள். பெட்டியைத் திருப்ப வேண்டிவரலாம், அதனால் மரத்தைத் தொடாதீர்கள்.

பணம் வராமலே போனாலும் கிட் வீணாகாது. இதே கிட்டைக் கட்டியவர்கள் வரைபடத்தைச் சுருட்டி எங்காவது வைத்திருப்பார்கள், மாடல் விமானக் கிளப்களில் விசாரியுங்கள். நகல் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில இயந்திரங்கள் நீளவாக்கில் லேசாக இழுத்துவிடும். நகலின் மேல் பெட்டியிலுள்ள ரிப் ஒன்றை வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை. இரண்டும் பொருந்தினால் கட்ட ஆரம்பிக்கலாம்.