மாமாவின் காரும் மருமகனின் பாலிசியும்

கேள்வி: எனக்கு வயது 24. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். கோவையில் இருக்கும் மாமாவிடம் ஐந்து வருடப் பழைய ஸ்விஃப்ட் காரை 4 லட்சத்துக்கு வாங்கினேன். ஆர்.சி. (பதிவுச் சான்று) என் பெயருக்கு இன்னும் மாறவில்லை. கார் காப்பீட்டுப் பாலிசியும் அவர் பெயரில்தான், முடிய ஏழு மாதம் இருக்கிறது. அலாய் சக்கரம், விளக்குகள், ஒலிபெருக்கி, சத்தமான சைலன்சர் எல்லாவற்றுக்கும் ஜே.சி. ரோட்டில் 1.10 லட்சம் கேட்கிறார்கள். செய்யலாமா? சின்ன வயது என்பதால் பிரீமியம் கூடுமா?

பதில்: வயதை விடுங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வண்டியைப் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். உங்கள் கார் 1,197 சிசி. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு (உங்கள் வண்டியால் பாதிக்கப்படும் பிறருக்கான காப்பீடு) ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. உங்களுக்கும் மாமாவுக்கும் அதே தொகைதான்.

என்னை உறுத்துவது உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் வந்த வரி: பாலிசி மாமா பெயரில் இருக்கிறது. நாளை சில்க் போர்டு சந்திப்பில் யார் மீதாவது இடித்துவிட்டால், அவருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்டால், "வண்டியை விற்றுவிட்டாரே" என்று மறுக்க இடம் இருக்கிறது. அப்போது 4 லட்சமும் உங்கள் தலையில். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மாமாவின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காரோடு வராது. அது அவருடைய சொத்து. அந்தத் தள்ளுபடியில் மிச்ச ஏழு மாதத்துக்கான பங்கை உங்களிடம் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கட்டுங்கள். கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பிறகு உங்களுக்கு 20 சதவீதம் கிடைக்கும்; ஐந்து ஆண்டுகளில் அது 50 ஆகும்.

இனி அந்த 1.10 லட்சம். சைலன்சர் வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

விளக்கில்தான் எனக்கு உண்மையான பயம். கம்பெனி வயரை நடுவில் வெட்டி, அதிக வாட் பல்பைச் சேர்த்து, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார்கள். மழையில் அந்த டேப் இளகும். தீப்பிடித்தால் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் ஆள்) பானட்டைத் திறந்து முதலில் தேடுவது அந்த ஒட்டைத்தான். டயரிலும் அப்படியே: குனிந்து பக்கவாட்டில் உள்ள அளவு எண்ணைப் படிப்பார். அலாய் சக்கரம் போட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கு மாருதி அனுமதித்த அளவில் மட்டும் போடுங்கள்.

ஒலிபெருக்கி ஆசை நியாயமானது. 25,000 ரூபாய்க்குள் வாங்கி, பில்லை நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பொருள் மதிப்பில் வழக்கமாக 4 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், கூடுதல் பிரீமியம் ஆகும். சொல்லாமல் மாட்டினால் திருடுபோகும் நாளில் ஒரு ரூபாய்கூட வராது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தே இந்தக் கார்தான். உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து முழுக் காப்பீடு எடுங்கள். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள் என்பதால், கிடைத்தால் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே கோவைக்குப் போய், ஆர்.சி.யை மாற்றுவதற்கான 29, 30ஆம் படிவங்களில் மாமாவிடம் கையெழுத்து வாங்குங்கள். கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான தடையில்லாச் சான்றுக்கு 28ஆம் படிவத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.