ரைஸ் கொடுத்தால் அணைந்துவிடும் அவுட்போர்டு

படகின் பின்னால் மாட்டும் உங்கள் அவுட்போர்டு எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கை மறுபடி மாற்றாதீர்கள், பிளக்குக்கு வரும் கரண்டில் கோளாறு இல்லை. ஐடிலில் ஓடுகிறது, ரைஸ் கொடுத்தால் அணைகிறது, பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் உருண்டையை அமுக்கினால் மீண்டும் பிடித்துக்கொள்கிறது என்கிறீர்கள். அப்படியானால் எஞ்சினுக்கு எரிபொருள் போதவில்லை.

இரண்டு வருடம் கொட்டகையில் கிடந்த 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் என்பதால், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் மெல்லிய சவ்வு) விறைத்திருக்கலாம் என்பது என் கணிப்பு. பழைய குழாய் காற்றை உறிஞ்சினாலும் இதே அறிகுறிதான். உள்ளே காற்று இழுக்கும் ஓட்டை வெளியே சொட்டாது. கண்ணால் தேடிப் பயனில்லை.

1. முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் இவ்வளவுதான்.

2. வேறு டேங்க், வேறு குழாய், புது பெட்ரோல் கலவை போட்டு ஓட்டுங்கள். சரியானால் பழைய குழாய், உருண்டை, கனெக்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

3. அப்போதும் அணைந்தால் டயாஃப்ரம் கிட் வாங்கிப் போடுங்கள்.

உருண்டையை அமுக்கியும் பலனில்லாத நாள் வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான மெயின் ஜெட் அடைத்திருக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இதில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். அந்த நிலையில் முழு வேகத்தில் விரட்டினால் பிஸ்டன் இறுகிச் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய டிரம் இல்லாமல் கரையில் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், இவ்வளவு நாள் சும்மா கிடந்ததால் அதையும் மாற்றிவிடுங்கள். படகுக்கு பெயிண்ட் அப்புறம் பார்க்கலாம்.