தொலைபேசி வயரை விட்டு 4ஜிக்கு மாறலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மழை பெய்தால் தொலைபேசி வயரில் வரும் இன்டர்நெட் விட்டுவிட்டுத்தான் வருகிறது. மகளுக்கு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ஸூம் வகுப்புகள். சிம் போடும் 4ஜி ரவுட்டருக்கு மாறலாமா?
– வாசகி, கொழும்பு 6

பதில்: மாறலாம் அம்மா, ஆனால் ரவுட்டரை உடனே வாங்கிவிடாதீர்கள். நான் பம்பலப்பிட்டியில் அவசரப்பட்டு வாங்கி, இரவு ஏழு மணிக்கு மகனின் வகுப்பு உறைந்து நின்றதைப் பார்த்துக் கலங்கியவன். ஒரே சிக்னல் கோபுரத்தை அயலிலுள்ள எல்லோரும் பகிர்கிறார்கள். இரவில் நெரிசல் கூடும். ஆகவே வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். வேறு நிறுவனச் சிம் வீட்டில் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். கொங்கிரீட் சுவர் சிக்னலைக் குறைக்கும். நான் ரவுட்டரை அலுமாரி மேலிருந்து ஜன்னலோரம் மாற்றியதிலேயே பாதிக் குறை தீர்ந்தது.

பக்கேஜில், நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கக்கூடிய இரவு டேட்டாவையும் சேர்த்துக் காட்டும் மொத்த ஜிபியை நம்பாதீர்கள்; வகுப்பு நேரத்துக்கு இரவு டேட்டா உதவாது. ஸூம் வீடியோ மணிக்கு 1 ஜிபி அளவில் எடுக்கும்.

இன்னொன்று: மழையில் கெடுவது பெரும்பாலும் தொலைபேசி வயரின் செப்புக் கம்பி மூட்டுகள்தான். உங்கள் கட்டடத்துக்குச் செம்புக்குப் பதிலான ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்பு வந்திருந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.