ஆளெடுப்பு பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும்?

வேகன்சி, இன்டர்வியூ, ஆஃபர், நோட்டீஸ் எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். சறுக்குவது கூட வரும் வினைச்சொல்லில். எடுத்தாங்க, கொடுத்தாங்க, போட்டேன் என்று தமிழில் பேசிப் பழகியதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். அதனால் பெயரையும் வினையையும் ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

காலியிடத்துக்கு 'ஃபில் எ வேகன்சி'. 'ரெக்ரூட்' என்பது ஆட்களுக்கு மட்டும்: 'ரெக்ரூட் ஸ்டாஃப்' சரி, 'ரெக்ரூட் எ வேகன்சி' தப்பு. "ஆள் எடுக்கிறாங்க" என்பதற்கு 'தே ஆர் ஹயரிங்' அல்லது 'தே ஆர் டேக்கிங் ஆன் ஸ்டாஃப்'. இதில் 'ஆன்' விட்டுப்போகக் கூடாது.

வேலைக்கு அப்ளை, கம்பெனிக்கு அப்ளை என்று தமிழில் இரண்டுக்கும் 'கு'தான். ஆங்கிலத்தில் வேலை என்றால் 'அப்ளை ஃபார்', நிறுவனம் என்றால் 'அப்ளை டு'. 'ஐ அப்ளைட் டு தி பேங்க் ஃபார் எ கிளார்க்ஸ் ஜாப்' என்ற ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும், இரண்டும் பிடிபடும்.

"இன்டர்வியூ எடுத்தாங்க" என்பதை 'தே டுக் மை இன்டர்வியூ' என்றால் இந்தியாவுக்குள் புரியும், வெளியே தடுமாறுவார்கள். 'தே இன்டர்வியூட் மி' என்பதே இயல்பு. நடத்துபவருக்கு 'கண்டக்ட்' அல்லது 'ஹோல்ட்'. போகிறவருக்கு 'ஐ ஹேட் அன் இன்டர்வியூ'. 'அட்டெண்ட்' தப்பில்லை, கொஞ்சம் எழுத்துநடை.

இவற்றைவிட மோசமான தப்பு 'ஐ செலக்டட் இன் தி இன்டர்வியூ'. "நான் செலக்ட் ஆயிட்டேன்" என்பதன் நிழல் இது. கேட்பவருக்கு நீங்களே யாரையோ தேர்ந்தெடுத்ததாகப் படும். 'ஐ வாஸ் செலக்டட்', 'ஐ வாஸ் ஷார்ட்லிஸ்டட்' என்று செயப்பாட்டு வினையில்தான் சொல்ல வேண்டும்.

ஆஃபர் கொடுப்பதற்கு 'மேக்', கடிதநடையில் 'எக்ஸ்டெண்ட்'. ஒத்துக்கொண்டால் 'அக்செப்ட்'. வேண்டாமென்றால் பேச்சில் 'டர்ன் டவுன்', மின்னஞ்சலில் 'டிக்ளைன்'. நிறுவனமே திரும்பப் பெற்றால் 'வித்ட்ரா'. 'டிஸ்கஸ் அபவுட் தி சாலரி' என்பதில் 'அபவுட்' வேண்டாம்.

வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு "பேப்பர் போட்டுட்டேன்" என்கிறோமே, அதை 'ஐ புட் டவுன் மை பேப்பர்ஸ்' என்பது இந்திய வழக்கு. பிரிட்டனில் 'ஐ ஹேண்டட் இன் மை நோட்டீஸ்'. அமெரிக்காவில் 'ஐ புட் இன் மை டூ வீக்ஸ் நோட்டீஸ்', அங்கே இரண்டு வாரம்தான் வழக்கமான கெடு. அந்தக் கெடு முடியும்வரை வேலை பார்ப்பது 'சர்வ்' அல்லது 'வொர்க் மை நோட்டீஸ்'.

வெளிநாட்டுக்கு ரெஸ்யூமே அனுப்புகிறவர்கள் 'ஃப்ரெஷர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் அது பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்த முதலாண்டு மாணவரைக் குறிக்கும். படிப்பை முடித்தவர் 'ரீசன்ட் கிராஜுவேட்' என்று போட வேண்டும்.